விஷமற்ற சாட்டைத் தேள்

டில்லி லக்ஷ்மிபாய் நகர், மத்திய அரசாங்க ஊழியர் பலர் குடியிருக்கும் பகுதியாகும். டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தி வரும் பள்ளிகளுள் ஒன்றும் அங்கு உள்ளது. அப்பள்ளியில் உயிரியல் பயிலும் மாணவன் ஒருவன், கோடை விடுமுறையில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள தன் பாட்டனாரின் சிற்றூருக்குச் சென்றிருப்பதாகக் கொள்வோம். ஜூன் மாதத்துச் சாரல் பெய்து ஓய்ந்திருக்கிறது. கொல்லையில் நெடுநாளாகக் கிடந்த விறகுக் கட்டை ஒன்றை வீட்டார் புரட்டுகின்றனர். அதன் அடியிலிருந்து கரும்பழுப்பு நிறமுள்ள ஒரு பிராணி வெளிப்படுகிறது. முன்புறம் பருத்த இரண்டு இடுக்கிகள்; பின்புறம் நூல் போன்ற நீண்ட வால். "தேள், தேள்!" என்ற கூக்குரல் எழுகிறது. அடுத்த கணம் யாரோ ஒருவருடைய செருப்பு அதன்மேல் விழுகிறது. நசுங்கிய உடலிலிருந்து காடியின் நெடி மூக்கைத் துளைக்கவே, அதுதான் அதன் விஷம் என்று கூடி நின்றவர்கள் முடிவு கட்டுகின்றனர்.

இம்முடிவில் மூன்று பிழைகள் உள்ளன. அப்பிராணி தேள் அன்று. அதன் வாலில் கொடுக்கு இல்லை. அதன் உடலில் விஷச் சுரப்பி எதுவும் கிடையாது. விஞ்ஞானிகள் இதனைச் சாட்டைத் தேள் என்னும் பொருள்படும் பெயரால் வழங்குகின்றனர். தீங்கற்ற பிராணி ஒன்று வீணாக மடிந்தது என்பதோடு இப்பிழை நின்றுவிடுவதில்லை. நம் நாட்டில் மனித உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடிய தேள்களும் உண்டு. இரண்டையும் வேறுபடுத்தி அறியாதவர், அஞ்ச வேண்டாததற்கு அஞ்சவும், அஞ்ச வேண்டியதை அலட்சியம் செய்யவும் நேரிடும். ஆகவே சாட்டைத் தேளின் உடலமைப்பையும், இனப்பகுப்பையும், வாழ்க்கை முறையையும் ஓரளவேனும் அறிந்திருத்தல் பயனுடையதாகும்.

பெயரும் பழியும்

இப்பிராணியின்மீது வீண்பழி சுமந்தது இன்று நேற்றன்று. ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞரான லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டில் இவ்வகையைச் சேர்ந்த ஓர் இனத்துக்கு முதன்முதலாக விஞ்ஞானப் பெயர் சூட்டினார். பின்னர் 1802-இல் பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் லாத்ரேய், இவற்றுக்கெனத் தெலிபோனஸ் என்னும் பேரினத்தை ஏற்படுத்தினார். தெலிபோனஸ் என்பது கிரேக்கச் சொல். அதன் பொருள் 'பெண்ணைக் கொல்வது' என்பதாகும். மனிதரில் ஆணையோ பெண்ணையோ கொல்லும் ஆற்றல் சிறிதும் அற்ற இப்பிராணிக்கு இப்பெயர் எவ்வளவு பொருந்தாதது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் தென்பகுதி மக்கள் இட்ட பெயரே இதற்கு ஒருவாறு பொருத்தமானது. இதனிடமிருந்து வீசும் நெடியைக் கொண்டு, காடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'வினிகரூன்' என்ற பெயரை அவர்கள் அமைத்துக் கொண்டனர்.

உடலமைப்பு

கணுக்காலிகள் என்னும் பெருந்தொகுதியில் அராக்னிடா என்பது ஒரு வகுப்பு. சிலந்தி, தேள், உண்ணி முதலியன இவ்வகுப்பில் அடங்கும். பூச்சிகளுக்கு ஆறு கால்கள் உண்டு. அராக்னிடா வகுப்பினவற்றுக்கு எட்டுக் கால்கள். சாட்டைத் தேளும் இவ்வகுப்பைச் சேர்ந்ததே. இந்தியாவில் காணப்படும் தெலிபோனஸ் இனங்களின் உடல், சாட்டை நீங்கலாக, ஏறத்தாழ 3 முதல் 4 சென்டிமீட்டர் நீளமிருக்கும். அமெரிக்காவில் வாழும் பெரிய இனத்தின் உடல் 6 சென்டிமீட்டருக்கும் மேல் வளர்வதுண்டு.

உடல் இரு பகுதிகளால் ஆனது. முன்பகுதி தலையும் மார்பும் ஒன்றிய தலைமார்பு, பின்பகுதி வயிறு. தலைமார்பை ஒரே தகடாலான கடினமான கவசம் மூடியிருக்கிறது. கவசத்தின் முன்விளிம்பை ஒட்டி நடுவில் ஓர் இணைக் கண்களும், இரு பக்கங்களிலும் சிறு கூட்டமாக வேறு சில கண்களும் அமைந்துள்ளன. இத்தனை கண்கள் இருந்தும் பார்வைக் கூர்மை மிகக் குறைவு. வெளிச்சத்தையும் இருளையும் பிரித்தறிந்து, வெளிச்சத்தை விட்டு விலகிச் செல்வதற்கே அவை பெரிதும் பயன்படுகின்றன.

வாயின் முன்புறத்தில் சிறு தாடை உறுப்புக்கள் இரண்டு உண்டு. அவற்றுக்கு வெளியே, காண்போர் கண்ணுக்கு முதலில் தெரியும் பருத்த பற்றுக்கைகள் இரண்டு அமைந்துள்ளன. ஒவ்வொரு பற்றுக்கையும் ஆறு கணுக்களைக் கொண்டது. அதன் உட்புறத்தில் முட்கள் நிறைந்திருக்கும். நுனியில் இடுக்கி இருக்கும். இரையை இறுகப் பற்றி நசுக்குவதும், மண்ணைத் தோண்டி அள்ளுவதும் இப்பற்றுக்கைகளின் வேலையாகும்.

எட்டுக் கால்களில் முதல் இணை நடப்பதற்குப் பயன்படுவதில்லை. அவ்விரு கால்களும் மெலிந்து நீண்டு, நுனிப்பகுதி பல சிறு கணுக்களாகப் பிரிந்து, பூச்சிகளின் உணர்கொம்புகளைப் போல மாறியுள்ளன. இருளில் நடப்பவர் கைக்கோலால் தரையைத் தட்டிப் பார்த்து அடியெடுத்து வைப்பது போல, சாட்டைத் தேள் இவ்விரு கால்களை முன்னே நீட்டித் தரையைத் தடவிக்கொண்டே செல்கிறது. வழியையும், இரையையும், ஈரத்தையும் அது அறிவது பெரும்பாலும் இவற்றின் துணையால்தான். எனவே இது எட்டுக் கால் பிராணியாயினும் ஆறு கால்களால் மட்டுமே நடக்கிறது.

வயிறு பன்னிரண்டு கண்டங்களால் ஆனது. கடைசி மூன்று கண்டங்கள் குறுகி, வளையங்களைப் போல ஒன்றை ஒன்று தொடர்ந்து, ஒரு சிறு குமிழாகத் தோன்றும். இக்குமிழிலிருந்தே சாட்டை புறப்படுகிறது. எண்ணற்ற நுண்ணிய கணுக்களால் ஆகி, மெல்லிய மயிர்கள் படர்ந்த இச்சாட்டை, பின்புறத்தில் நிகழ்வதை உணரும் உறுப்பாகும். கொட்டுவதற்கோ அடிப்பதற்கோ அது பயன்படாது. வயிற்றின் அடிப்பக்கத்தில் மூச்சு விடுவதற்கான ஏட்டு நுரையீரல்கள் இரண்டு இணைகள் உள்ளன. புத்தகத்தின் ஏடுகளைப் போல மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால் இவை இப்பெயர் பெற்றன.

தேளினின்று வேறுபடுமாறு

தேளின் வால் பருத்தது. ஐந்து கணுக்களைக் கொண்டது. அதன் முடிவில் விஷப்பையும் வளைந்த கொடுக்கும் இருக்கும். சாட்டைத் தேளின் வாலோ நூலிழை போன்றது. தேள் எட்டுக் கால்களாலும் நடக்கும். சாட்டைத் தேள் ஆறு கால்களால் நடக்கும். தேளின் வயிற்றுக்கு அடியில் சீப்புப் போன்ற இரண்டு உறுப்புக்கள் உண்டு. சாட்டைத் தேளுக்கு அவை இல்லை. தேளுக்கு ஏட்டு நுரையீரல்கள் நான்கு இணைகள். சாட்டைத் தேளுக்கு இரண்டே இணைகள். தேள் குட்டிகளை ஈனும். சாட்டைத் தேள் முட்டையிடும்.

இவற்றுள், வீட்டிலும் தோட்டத்திலும் ஒரு நோக்கில் கண்டுகொள்ளத்தக்க அடையாளம் வால் ஒன்றே. தடித்து, மேல்நோக்கி வளைந்து, முடிவில் முள்ளுடன் கூடிய வாலைக் கண்டால் அது தேள். மயிரிழை போல் மெலிந்து முள்ளின்றி முடியும் வாலைக் கண்டால் அது சாட்டைத் தேள்.

இனப்பகுப்பு

வெளித்தோற்றத்தில் தேளை ஒத்திருந்தாலும், உறவு முறையில் சாட்டைத் தேள் சிலந்திக்கே நெருங்கியது என்பது இன்றைய விலங்கியலாரின் முடிவு. முன்னோரிடமிருந்து பெற்ற இரண்டு இணை ஏட்டு நுரையீரல்கள் இவ்வுறவுக்குச் சான்றுகளுள் ஒன்று. பழமையான சிலந்தி வகைகளிலும் இவ்வாறே இரண்டு இணைகள் அமைந்துள்ளன. தேளைப் போன்ற இடுக்கிகள் இதற்கு வாய்த்தது, இரையைப் பற்றும் தேவை இரண்டுக்கும் பொதுவாயிருந்தமையால் நேர்ந்த ஒற்றுமையே.

சாட்டைத் தேள்கள் தெலிபோனிடா என்னும் தனி வரிசையாகக் கொள்ளப்படுகின்றன. இவ்வரிசையில் ஏறத்தாழ 120 இனங்கள் இதுவரை பெயரிடப்பட்டுள்ளன. அவை அனைத்தும் தெலிபோனிடே என்னும் ஒரே குடும்பத்தில் அடங்கும். இவற்றுக்கு நெருங்கிய உறவினர்கள் இரு திறத்தன. ஒன்று ஆம்பிளிபைஜி வரிசை. இவ்வரிசையினவற்றுக்குச் சாட்டை போன்ற வால் இல்லை, உடல் தட்டையானது, உணர்கால்கள் உடலின் நீளத்தைப் போலப் பல மடங்கு நீண்டவை. தென்னிந்தியாவில் பிரினிக்கஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை இதற்கு எடுத்துக்காட்டாகும். மற்றொன்று ஸ்கைசோமிடா வரிசை. இவை சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நுண்ணிய பிராணிகள்; தலைமார்பின் கவசம் துண்டுகளாகப் பிரிந்திருக்கும்; வால் மிகக் குட்டையானது. முற்காலத்து நூல்களில் இம்மூன்று கூட்டங்களும் பெடிபால்பி என்ற ஒரே தலைப்பின்கீழ்ச் சேர்த்துக் கூறப்பட்டன.

சாட்டைத் தேள்கள் மிகத் தொன்மையானவை. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியில் நிலக்கரிப் படிவங்கள் தோன்றிய காலத்தைச் சேர்ந்த பாறைகளில் இவற்றின் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன. அவற்றின் உருவம் இன்றுள்ளவற்றினின்று பெரிதும் வேறுபடவில்லை. ஐரோப்பாவில் இன்று சாட்டைத் தேள் எதுவும் இயற்கையாக வாழ்வதில்லை. ஆயினும் அக்கண்டத்தின் நிலக்கரிப் படிவங்களில் இவற்றின் எச்சங்கள் காணப்படுகின்றன. அந்நிலப்பகுதி ஒரு காலத்தில் வெப்பமும் ஈரமும் மிக்க சதுப்புக் காடாக இருந்ததென்பதற்கு இதுவும் பொருந்தி வருகிறது.

இந்தியாவில் நடந்த ஆராய்ச்சி

இந்தியச் சாட்டைத் தேள்களைப் பற்றிய ஆராய்ச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கியது. மொராவியா நாட்டில் பிறந்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, 1869-இல் அஸ்ஸாமிலிருந்து கிடைத்த ஓர் இனத்தை விவரித்து அதற்கு அசாமென்சிஸ் என்று பெயரிட்டார். கற்பாறைகளையும் புதைபடிவங்களையும் ஆராய்வதற்கென வந்த இவ்வறிஞர், ஊர்வனவற்றையும் பறவைகளையும் சிலந்தி வகுப்பையும் ஆர்வத்துடன் ஆராய்ந்தார். 1874-இல் யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் அவர் காலமானார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் தெலிபோனஸ் செபியாரிஸ் என்னும் இனத்தை 1873-இல் பட்லர் என்பவர் பெயரிட்டு விவரித்தார்.

1900-ஆம் ஆண்டில் லண்டனில் வெளிவந்த, இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் அராக்னிடா வகுப்பைப் பற்றிய நூலில், அந்நகரப் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த போக்காக், அதுவரை அறியப்பட்ட இந்தியத் தேள்களையும் சிலந்திகளையும் சாட்டைத் தேள்களையும் ஒருசேரத் தொகுத்தளித்தார். ஸ்டோலிச்கா விவரித்த அஸ்ஸாம் இனத்தை யூரோபிராக்டஸ் என்ற தனிப் பேரினமாக 1894-இல் பிரித்தவரும் அவரே. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய லாபோகைரஸ் என்னும் பேரினமும் அதே ஆண்டில் அவரால் ஏற்படுத்தப்பட்டது.

இத்துறையில் தமிழகத்தோடு தொடர்பு கொண்ட ஒருவர் எப். எச். கிரேவ்லி. கல்கத்தா இந்தியப் பொருட்காட்சிசாலையில் பணியாற்றிய காலத்தில், இந்தியப் பூச்சிகளும் அராக்னிடா வகுப்பினவும் உயிருடன் வாழும் முறையைப் பற்றிய குறிப்புக்களை 1915-இல் அவர் வெளியிட்டார். மறு ஆண்டில், இந்தியாவிலும் கிழக்காசியத் தீவுகளிலும் உள்ள சாட்டைத் தேள்களின் தோற்ற வளர்ச்சியையும் பரவலையும் ஆராய்ந்து மற்றொரு கட்டுரை எழுதினார். பின்னர் 1920 முதல் 1940 வரை சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலையின் தலைமைப் பொறுப்பை அவர் வகித்தார். அவர் கட்டுரை வெளியான 1916-ஆம் ஆண்டிலேயே, இந்தியப் பொருட்காட்சிசாலையின் விலங்கியல் பகுதியிலிருந்து இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை உருவாயிற்று. அத்துறை இன்றும் இந்திய நாட்டின் விலங்கினங்களைச் சேகரித்து, பெயரிட்டு, பாதுகாத்து வருகிறது.

வாழிடமும் உணவும்

உலகின் வெப்ப மண்டலங்களும் அவற்றை அடுத்த பகுதிகளுமே சாட்டைத் தேள்களின் இருப்பிடம். தெற்கு ஆசியா, தென்கிழக்கு ஆசியா, சீனா, ஜப்பான், அமெரிக்கக் கண்டங்கள் ஆகிய இடங்களில் இவை பரவியுள்ளன. பரந்த ஆப்பிரிக்கக் கண்டத்துக்குரியது, அதன் மேற்குக் கரையோரத்தில் வாழும் ஓரினம் மட்டுமே. இந்தியாவில் தென்னாட்டிலும், ஒடிசாவிலும், வடகிழக்குப் பகுதியிலும் இவை காணப்படுகின்றன. அண்டை நாடான மியான்மாரில் ஹைப்போக்டோனஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த பல இனங்கள் வாழ்கின்றன.

இவற்றின் வாழ்க்கைக்கு இன்றியமையாதது ஈரம். கற்களுக்கும் உளுத்த கட்டைகளுக்கும் அடியிலும், இலைச் சருகுகளுக்கு இடையிலும், தாமே தோண்டிய வளைகளிலும் பகற்பொழுதை இவை கழிக்கின்றன. வளை தோண்டும்போது பற்றுக்கைகளால் மண்ணை வாரி அணைத்து, பின்னோக்கி நடந்து வெளியே கொண்டுவந்து கொட்டுகின்றன. இரவில்தான் இரை தேடப் புறப்படும். மழைக்காலத்தில் இவற்றின் நடமாட்டம் மிகுதி. விளக்கு வெளிச்சமோ வெயிலோ பட்டால் விரைந்து மறைவிடம் நாடும்.

கரப்பான், சிள்வண்டு, மரவட்டை, மண்புழு, நத்தையினத்தைச் சேர்ந்த சிறு பிராணிகள் ஆகியவை இவற்றின் உணவு. உணர்காலின் நுனி இரையைத் தொட்டதும், பற்றுக்கைகள் பாய்ந்து அதனைக் கவ்வி நசுக்கும். தாடை உறுப்புக்கள் அதனைக் கிழிக்கும். பின்னர்ச் செரிமான நீரை இரையின்மேல் கசியவிட்டு, கரைந்து வரும் திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். தேளும் சிலந்தியும் விஷத்தால் இரையை அடக்குகின்றன. சாட்டைத் தேளுக்கு அத்துணை இல்லாமையால் தன் கைவலிமை ஒன்றையே அது நம்பியிருக்கிறது. தோட்டத்தில் கரப்பானையும் பிற பூச்சிகளையும் தின்று குறைக்கும் இப்பிராணியால் மனிதருக்கு நன்மையேயன்றித் தீமை இல்லை.

காடி வீசும் தற்காப்பு

விஷமில்லாத இப்பிராணி, எறும்பு, பல்லி, எலி முதலிய பகைகளிடமிருந்து தன்னை எவ்வாறு காத்துக்கொள்கிறது? இதற்கு விடை வாலின் அடியில் உள்ளது. வயிற்றின் பின்பகுதியில் இரண்டு சுரப்பிகள் உண்டு. அவற்றின் வாய்கள், சாட்டை தொடங்கும் குமிழில், சாட்டையின் இரு மருங்கிலும் திறக்கின்றன. பகை தீண்டியவுடன், சாட்டைத் தேள் அக்குமிழைத் தீண்டப்பட்ட திசை நோக்கித் திருப்பி, சுரப்பியிலுள்ள திரவத்தை மெல்லிய தூறலாக வீசுகிறது. சுரப்பி முழுதும் நிரம்பியிருக்கும்போது அடுத்தடுத்துப் பலமுறை இவ்வாறு வீச இயலும்.

அமெரிக்கப் பெரிய சாட்டைத் தேளின் இத்திரவத்தை, கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த தாமஸ் ஐஸ்னரும் அவருடைய துணைவர்களும் ஆராய்ந்து 1961-இல் முடிவை வெளியிட்டனர். அத்திரவத்தில் நூற்றுக்கு 84 பங்கு அசிட்டிக் அமிலம், 5 பங்கு காப்ரிலிக் அமிலம், எஞ்சியது நீர். சமையலுக்குப் பயன்படும் காடியில் அசிட்டிக் அமிலம் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவிலேயே இருக்கும். எனவே சாட்டைத் தேள் வீசுவது எவ்வளவு செறிந்த காடி என்பது விளங்கும்.

இவ்வளவு அசிட்டிக் அமிலம் இருக்கும்போது மற்ற அமிலம் எதற்கு என்ற ஐயம் எழலாம். பூச்சிகளின் மேல்தோலில் மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு. அசிட்டிக் அமிலம் தனித்து விழுந்தால், தாமரையிலை நீர் போல் அப்பூச்சின்மேல் ஒட்டாமல் நின்றுவிடும். காப்ரிலிக் அமிலம் கலந்திருப்பதால் திரவம் பரவி ஒட்டிக்கொள்கிறது. மெழுகைக் கடந்து அமிலம் உட்புகவும் வழி ஏற்படுகிறது. சிறு அளவில் சேர்ந்த ஒரு பொருள் பெரிய அளவிலுள்ள மற்றொன்றின் வலிமையைப் பெருக்குவதற்கு இது நல்ல உதாரணம்.

இத்திரவம் மனிதரின் சருமத்தில் பட்டால் சிறிது எரிச்சல் உண்டாகலாம். கண்ணில் பட்டால் எரிச்சல் கடுமையாயிருக்கும். உடனே தூய நீரால் நன்கு கழுவ வேண்டும். எரிச்சல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கையால் பிடித்தால் இடுக்கியால் கிள்ளவும் கூடும். இவற்றுக்கு அப்பால் இதனால் தீங்கு எதுவும் இல்லை.

இனப்பெருக்கம்

சாட்டைத் தேளின் வாழ்க்கையில் வியக்கத்தக்க பகுதி அதன் இனப்பெருக்கமாகும். ஜெர்மன் விலங்கியல் அறிஞர் பீட்டர் வைகோல்ட், அமெரிக்கப் பெரிய இனத்தின் இணைசேர்க்கையைக் கூர்ந்து நோக்கி 1970-இல் விரிவாக எழுதினார். இரவில் ஆண் பெண்ணை எதிர்ப்படும்போது, அதன் நீண்ட உணர்கால்களின் நுனிகளைத் தன் தாடை உறுப்புக்களால் மெல்லப் பற்றிக்கொள்கிறது. இந்நிலையில் ஆண் பின்னோக்கி நடக்க, பெண் அதனைத் தொடர்ந்து செல்கிறது. இவ்வாறு பல மணி நேரம் கழியும். பின்னர் ஆண் திரும்பி நின்று, விந்துப் பை ஒன்றைத் தரையில் வைக்கிறது. பெண் அதன்மேல் வந்து, விந்தணுக்களைத் தன் உடலுக்குள் ஏற்கிறது. அவை உள்ளே சேரும்வரை ஆண் தன் பற்றுக்கைகளால் உதவுகிறது.

கருவுற்ற பெண், ஈரமுள்ள மண்ணில் வளை தோண்டி உட்புகுந்து, வாயிலை அடைத்துக் கொள்கிறது. அங்கே 30 அல்லது 40 முட்டைகளை ஒரு மெல்லிய பையில் இட்டு, அப்பையைத் தன் வயிற்றின் அடியில் ஒட்டிய நிலையில் சுமக்கிறது. பை தரையில் உராயாதபடி வயிற்றை மேலே வளைத்துத் தூக்கியவாறே வாரக்கணக்கில் அசையாதிருக்கிறது. அக்காலத்தில் அது உணவு கொள்வதில்லை.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெண்மையானவை. தாயின் உருவத்தை அவை அவ்வளவாக ஒத்திருப்பதில்லை. கால் நுனிகளில் உள்ள ஒட்டும் உறுப்புக்களால் தாயின் முதுகில் ஏறிப் பற்றிக்கொள்ளும். தாயைப் போலவே அவையும் அப்போது உண்பதில்லை. முட்டையிலிருந்து கொண்டுவந்த சத்தே அவற்றுக்குப் போதுமானது. முதன்முறை தோலுரித்தபின் சிறு சாட்டைத் தேள்களாக உருப்பெற்று, தாயின் முதுகைவிட்டு இறங்கி, வளையை விட்டு வெளியேறித் தனித்தனியே பிரியும். நீண்ட பட்டினியால் மெலிந்த தாய், குஞ்சுகள் பிரிந்தபின் நெடுநாள் உயிர் வாழ்வதில்லை. 'பெண்ணைக் கொல்வது' என்று பெயர் பெற்ற பிராணியில், தன் குஞ்சுகளுக்காக உயிரைத் தேய்த்துக்கொள்வது பெண்தான்.

குஞ்சுகளின் வளர்ச்சியும் மந்தமானது. ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறையாக நான்கு பருவங்களைக் கடந்து தோலுரித்து, மூன்று நான்கு ஆண்டுகள் சென்ற பின்னரே பருவமடைகின்றன. அதன்பின் மேலும் சில ஆண்டுகள் வாழ்கின்றன. கொசுவும் ஈயும் கொன்ற சில நாட்களிலேயே மீண்டும் பெருகும். சாட்டைத் தேளோ அவ்வாறு பெருகுவதில்லை. வளையிலிருக்கும் தாய் ஒன்றைக் கொன்றால் அதன் முட்டைகளும் உடன் அழியும். அவ்விழப்பு ஈடாவதற்குப் பல ஆண்டுகள் வேண்டும்.

உண்மையான ஆபத்து எது?

தேள் வகைகளுள் இந்தியாவில் மிகுந்த ஆபத்து விளைவிப்பது செந்தேள். 1798-இல் பாப்ரீஷியஸ் என்னும் அறிஞர் விவரித்த இவ்வினம் இன்று ஹாட்டென்டாட்டா தமுலஸ் என வழங்கப்படுகிறது. இதன் இடுக்கிகள் மெலிந்தவை, வால் பருத்தது. பெரிய உருவமும் பருத்த இடுக்கிகளும் உடைய கருந்தேள் காண்பதற்கு அச்சம் தருவதாயினும், செந்தேளின் விஷமே அதனினும் கொடியது. அது கொட்டினால் கடுமையான வலியோடு மிகுந்த வியர்வை, வாந்தி, கை கால் சில்லிடுதல் முதலிய குறிகள் தோன்றலாம். இதயமும் நுரையீரலும் பாதிக்கப்பட்டு மூச்சுத் திணறல் ஏற்படுவதும் உண்டு. குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம்.

மகாராஷ்டிரத்தில் மகாட் என்னும் ஊரில் மருத்துவம் செய்து வந்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், இரத்த அழுத்தத்துக்கு வழங்கப்படும் பிராசோசின் என்னும் மருந்து செந்தேள் விஷத்தின் விளைவுகளை முறிக்கப் பயன்படுவதை 1980-களில் நிலைநாட்டினார். அதன்பின் இவ்வகை இறப்புக்கள் பெருமளவு குறைந்தன. தேள் விஷமுறி மருந்தையும் உடன் கொடுத்தால் குணம் விரைவில் காண்பதாகப் பின்னர் நடந்த ஆராய்ச்சி காட்டிற்று. இப்பணிக்காக 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. இச்சிகிச்சையின் பயன் நோயாளி மருத்துவமனையை அடையும் விரைவைப் பொறுத்தது. மந்திரித்தலிலும் கைமருந்திலும் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்தை மிகுவிக்கும்.

ஆதலால், கொட்டியது எது என்று திட்டமாகத் தெரியாவிடில் அதனைத் தேளென்றே கருதி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சாட்டைத் தேள் கொட்டாது என்ற அறிவு, கொட்டுப்பட்டவரை வீட்டில் இருத்தி வைப்பதற்குக் காரணமாகிவிடக் கூடாது. கொட்டியது எதுவாயினும் அது சாட்டைத் தேள் அன்று என்பதே அவ்வறிவின் முடிவாகும்.

செய்யத்தக்கவை

மழைக்காலத்தில் கட்டை, கல், பூந்தொட்டி ஆகியவற்றை வெறுங்கையால் புரட்டுதல் கூடாது. இரவில் தோட்டத்துக்குச் செல்வோர் கையில் விளக்கும் காலில் செருப்பும் இன்றிச் செல்லலாகாது. காலணிகளை உதறிப் பார்த்தே அணிய வேண்டும். இவை தேளுக்கும் பாம்புக்கும் ஒருங்கே பொருந்தும் எச்சரிக்கைகளாகும். வீட்டுக்குள் சாட்டைத் தேள் வந்துவிட்டால், முகத்தை அதன் அருகே கொண்டு செல்லாமல், அகன்ற வாயுள்ள பாத்திரம் ஒன்றால் அதனைக் கவிழ்த்து மூடி, அடியில் தடித்த அட்டையைச் செருகி, வெளியே எடுத்துச் சென்று ஈரமான நிழலில் விட்டுவிடலாம்.

டில்லியிலிருந்து விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவன், அடுத்த முறை கொல்லையில் கட்டை புரட்டப்படும்போது முதலில் வாலைப் பார்ப்பானாக. அது நூல் போல் மெலிந்து முள்ளின்றி முடிந்திருந்தால், கூடியிருப்போரிடம் செய்தியைக் கூறி, கட்டையைப் பழையபடி மெல்ல வைத்துவிடச் செய்வது தகும். அதன் அடியில் முட்டைப் பையைச் சுமந்த தாய் ஒன்று இருக்கவும் கூடும்.